ஆளுக்கு ஒரு வழி

அவன் கைபேசியை உயர்த்தியபோது மேனகா நீருக்கு அடியில் நின்றிருந்தாள்.

நனையவில்லை.

சதுக்கத்தின் நடுவே மூன்று ஆள் உயரத்தில் நீளமாக ஓர் இரும்புச் சட்டம். அதிலிருந்து நீர் திரைபோல் விழுந்துகொண்டே இருந்தது. யாராவது அருகே போனால் அந்த இடத்தில் மட்டும் நின்று வழிவிட்டது. கடந்ததும் மூடிக்கொண்டது. மழை பெய்து ஓய்ந்த மாலை. கோலாலம்பூரில் அந்த நேரத்துக்கு அங்கே அவர்கள் இருவர்தான்.

கல்யாணமாகிப் பதினோரு நாள்.

"எடுத்தாச்சுங்களா?"

அவன் எடுக்கவில்லை. கைபேசிக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

நீர் இரண்டு இடங்களில் விலகியிருந்தது.

ஒன்றில் மேனகா. அவளுக்குப் பக்கத்தில், ஓரடி தள்ளி, இன்னொன்று. ஓர் ஆள் அகலம். அதில் யாரும் இல்லை. அதன் வழியே எதிர்ப்பக்கத்துப் பேருந்து நிறுத்தம் துல்லியமாகத் தெரிந்தது.

மேனகா இரண்டடி நகர்ந்தாள்.

அதுவும் நகர்ந்தது.

குடையை மடக்கியபடி காவலாளி ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். நெற்றியில் திருநீறு. அவன் அவரிடம் கேட்டான்.

"அது ஏனுங்க ரெண்டு எடத்துல நிக்குது?"

"மேல சென்சர் இருக்கு தம்பி. ஆளுக்கு ஒரு வழி விடும்." அவர் குடையை உதறினார். "ரெண்டு பேரு நின்னா ரெண்டு."

திரும்பிப் பார்க்காமலே போய்விட்டார்.

இந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவள் சுகந்தி. அவனுடைய முதல் மனைவி. ஈரோட்டில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் சொன்னாள். போலாம் என்றான். போன தை மாதம் இறந்துபோனாள்.

இந்தக் கல்யாணத்துக்கு முந்தின நாள் உட்கார்ந்து அவள் படங்களைக் கைபேசியிலிருந்து ஒவ்வொன்றாக அழித்தான். மேனகா கேட்கவில்லை. அவனாகத்தான் செய்தான். கடைசிப் படம் வரைக்கும் அவன் கை நிற்கவில்லை.

இப்போது கைபேசியை இறக்கினான்.

"வெளிய வா" என்றான். நீரின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. கையசைத்தான்.

மேனகா வந்தாள். அவள் நின்ற இடத்தில் நீர் மூடிக்கொண்டது.

மற்றது மூடவில்லை.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். சட்டத்தின் முழு நீளத்துக்கும் நீர் கொட்டியது. ஓர் இடம் மட்டும் உலர்ந்து, பொறுமையாக, திறந்திருந்தது.

"போயிறலாமா?" என்றான்.

"ஒரு படங்கூட எடுக்காமலா?" மேனகா அவன் கையிலிருந்து கைபேசியை வாங்கிக்கொண்டாள். "நீங்களும் போய் நில்லுங்க."

மறுத்திருக்கலாம். கால் வலி என்றிருக்கலாம்.

நடந்தான்.

தலைக்கு மேல் நீர் நின்றது. திரும்பி அவளைப் பார்த்தான். நிற்கும்போதே இடப்பக்கம் இடம் விட்டு நின்றிருக்கிறான் என்பது அப்புறம்தான் அவனுக்குப் புரிந்தது. ஏழு வருடப் பழக்கம்.

இடது தோள் மட்டும் குளிர்ந்தது.

மேனகா கைபேசியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி கைபேசியை. சிரிப்பு மெல்லக் குறைந்து, பிறகு வேறொரு விதமாக, யாருக்கோ மரியாதை கொடுப்பதுபோல் திரும்பி வந்தது.

"இன்னுங் கொஞ்சம் கிட்ட நில்லுங்க" என்றாள்.