டிக்கிக் கடைக்குச் சொந்தக்காரர்

நாற்பது பேர் பசியோடு தேடி வரும் ஓர் இடத்துக்கு விலை பத்தாயிரம் ரூபாய். அதுவும் ரொக்கமாக இல்லை, தினம் நூறாக நூறு நாளில். அதற்கு மேல் ஒரு பைசா ஏறமாட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, டில்லி முனிர்காவில் அந்த மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினாள் செல்வி.

படியேறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. சந்தோஷம் அடங்கவிடவில்லை.

இடம் என்றால் நிலம் இல்லை. ஜங்புராவில் ஒரு சந்து முனையில் மூன்று வருஷமாக நகராமல் நிற்கும் வெள்ளைக் கார். யாரோ விட்டுப் போனது. பூட்டுக் கெட்ட அதன் டிக்கியைத் திறந்து வைத்துத்தான் தினமும் காலையில் இட்லி விற்றாள்.

பக்கத்தில் தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப்பை இடித்த பிறகு வீடு ஊர்க்கோடி நரேலாவுக்குப் போய்விட்டது. கடை மட்டும் ஜங்புராவிலேயே நின்றது. கார் ஓடாதது எவ்வளவு நல்லது பாருங்கள்.

போன வாரம் அதன் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். கேட்பாரற்ற வண்டி; ஏழு நாளில் உரியவர் வராவிட்டால் தூக்கிவிடுவோம். ஒட்டிய ஆள் ஆறு இட்லி சாப்பிட்டான். வண்டியை உன் பேருக்கு மாற்றிக் காகிதத்தைக் காட்டு, எதிர்ச் சாரிக்குத் தள்ளிக்கொண்டு நிம்மதியாகக் கடை போடு என்று யோசனையும் சொல்லிவிட்டுக் கை கழுவினான்.

இன்றோடு ஆறு நாள்.

போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து, திருட்டு வண்டி இல்லை என்று எழுதி வாங்கினாள். போனில் வண்டி நம்பரைத் தட்டினால், உரியவர் பெயரில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும்தான் தெரிந்தன, நடுவில் எல்லாம் நட்சத்திரம். முன்கண்ணாடியில் கோல் மார்க்கெட் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் பாஸ் ஒன்று வெளுத்துப்போய் ஒட்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அங்கே ஓடினாள்.

சுந்தரேஷ் சார் வண்டியா, ஜங்புரா மெக்கானிக்கிடம் விட்டார், அவன் கடையை மூடிவிட்டு ஊருக்கே போய்விட்டான், சாரும் ரிட்டயர் ஆகி முனிர்காவுக்குப் போயாச்சே என்று விலாசம் தந்தார்கள் அந்த வீட்டில் இப்போது இருப்பவர்கள். செல்வி அங்கேயே நின்று நட்சத்திரங்களை எண்ணி, அந்தப் பெயரை எழுத்து எழுத்தாக உட்காரவைத்துப் பார்த்தாள். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. விசில் அடிக்கத் தெரியாததற்கு அன்றுதான் வருத்தப்பட்டாள்.

முனிர்காவில் தட்டிய கதவு திறந்தது. அறுபது வயசு மனிதர், கையில் பூரிக்கட்டை. யார் என்றுகூடக் கேட்கவில்லை. அச்சா, உள்ளே வாங்க என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

செல்வியின் அப்பா சேலம் பக்கத்துச் சந்தைகளில் மாட்டுத் தரகர். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே ஆயிரங்களை முடித்தவர். மகளுக்கு அவர் கொடுத்த சீதனம் ஒன்றுதான்: முதல் விலை எதிராளியிடமிருந்து வரட்டும், அதுவரை கூரையைப் பார்.

நோட்டீஸையும் விற்பனைத் தாளையும் நீட்டினாள். வண்டியைத் தன் பேருக்கு எழுதித் தரவேண்டும் என்றாள். மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தாள்.

சுந்தரேஷ் உள்ளே போய்வந்தார். ஐந்நூறு நோட்டு பத்தை எண்ணி அவள் முன்னால் வைத்தார். பேர் மாற்ற, தள்ளிக்கொண்டு போக என்று செலவு இருக்குமே, வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

விற்கிறவனே பணம் கொடுக்கிற வியாபாரத்தை அப்பா ஒரு சந்தையிலும் பார்த்ததில்லை. நோட்டீஸைக் கண்டு ஆள் வெலவெலத்துவிட்டார், அபராதம் தலையில் விழுவதற்குள் வண்டியைக் கைகழுவப் பார்க்கிறார் என்று செல்விக்குப் பட்டது. பயந்த ஆளிடம் இரக்கப்பட்டால் தொழிலுக்கு இழுக்கு.

நாலு டயரும் செத்துப்போச்சு என்றாள். பேட்டரி இருந்த இடத்தில் பூனை குட்டி போட்டிருக்கிறது என்றாள். ஒரு பக்கக் கதவைத் திறந்தால் கையோடு வருகிறது என்றாள்.

அவர் சிரித்தபடியே இன்னும் இரண்டாயிரம் வைத்தார்.

ஏழாயிரம். அப்பா மட்டும் இருந்திருந்தால் இதற்கு மேல் கேட்பது பாவம் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவே பார்க்க நடந்திருப்பார். செல்விக்குக் காது மடல் சுட்டது.

இருந்தாலும் கடைசிப் பிடியை அவள் விடவில்லை. இந்த நம்பர் மேல் அபராதச் சலான் நிலுவை ஏதாவது இருந்தால் பேர் மாறாது, அதையும் சார்தான் கட்டித் தரவேண்டும் என்றாள்.

கட்டியாச்சு என்று அவர் போனைத் திறந்து அவள் கையில் கொடுத்தார்.

முப்பத்தொரு சலான். நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியதற்கு ஐந்நூறு, ஐந்நூறு, ஐந்நூறு. எல்லாமே பணம் கட்டிய பச்சையில். ஒவ்வொன்றுக்கும் கீழே டிராஃபிக் போலீஸ் எடுத்த ஒரு படம்.

மாதாமாதம் வந்து படம் எடுத்துக்கொண்டு போன போலீஸ்காரரைத் தன் சாம்பாருக்கு மயங்கியவர் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

முதல் படத்தில் ஒரே ஒரு குண்டான், மூன்று பேர், கரண்டியோடு அவள். பத்தாவதில் மழை, சாம்பாருக்குக் குடை பிடித்துவிட்டு அவள் நனைகிறாள். கடைசிப் படத்தில் வரிசை விளக்குக் கம்பத்தைத் தாண்டியிருந்தது.

"முதல் சலான் வந்ததும் காரை எடுக்கத்தாம்மா வந்தேன். லைன் நின்னுட்டிருந்தது. வாபஸ் வந்துட்டேன்" என்றார் சுந்தரேஷ், விற்பனைத் தாளில் கையெழுத்துப் போட்டபடி.

அதில் விலை என்ற இடம் காலியாக இருந்தது. எதையாவது எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் பூரியைப் பார்க்கப் போனார்.

செல்வி விரல் விட்டு எண்ணினாள். முப்பத்தொரு சலானுக்குப் பதினைந்தாயிரத்து ஐந்நூறு. மடியில் ஏழாயிரம். அதை அவள் திருப்பி வைக்கவில்லை, டயர் வாங்கவேண்டும்.

பேனாவை அழுத்திப் பிடித்து எழுதினாள்.

விலை: இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு. கொடுத்தது: இல்லை. பாக்கி: முழுவதும்.