குறுக்கே பேசக் கூடாது

"டேய் காது, உன் சீரியல் ஆரம்பிச்சிடுச்சு! மலை முகாம் லைன்!"

பக்கத்து மேசைக்காரன் கூவியதும், காது டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டான். ராணுவ முகாமில் அவனுக்கு அந்தப் பெயர்தான் நிலைத்திருந்தது. சிப்பாய்கள் வீட்டுக்குப் பேசும் போன்களை உட்கார்ந்து ஒட்டுக் கேட்பதுதான் அந்த அறையில் வேலை.

எவனாவது முகாம் எங்கே நகர்கிறது, எத்தனை வண்டி போகிறது என்று உளறினால், மேசையில் இருக்கும் சிவப்பு பட்டனை அமுக்கிக் குறுக்கே புகுந்து அதட்ட வேண்டும். வேறு எதற்கும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தவன் மறுநாளே சமையற்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பான்.

சிப்பாய்கள் என்ன ரகசியமா பேசுகிறார்கள்? மாமியார் சண்டை, மச்சினன் கோபம், குழந்தைக்குப் பல் முளைத்த சேதி. ஊரார் குடும்பக் கதையைக் கேட்டுக் கேட்டு அவனுக்குப் புளித்துப்போயிருந்தது. வேலை முடிந்தால் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படுத்துவிடுவான். இந்த வேலைக்கு மாற்றலானதை வீட்டுக்குச் சொன்னதோடு சரி, அவனுடைய சொந்த போன் பெட்டிக்குள் சார்ஜ் இல்லாமல் கிடந்தது.

இந்த ஒரு லைனுக்கு மட்டும் ஓடி வருவான். மலை முகாமில் லாரி ஓட்டும் ஒரு பையனும் அவன் அம்மாவும் பேசுவது. அந்த அம்மாவின் வாய்க்கு முன்னால் எந்த சீரியலும் நிற்காது.

"லைன் நல்லா கேக்குதாடா சின்னவனே?"

"கேக்குதும்மா. கொஞ்சம் பாத்துப் பேசு. ஆர்மியில நம்ம போனையெல்லாம் ஒட்டுக் கேப்பாங்கன்னு பசங்க சொல்றாங்க."

"கேக்கட்டுமே! நான் என்ன குண்டு வைக்கவா பேசறேன்? நல்லா காது குளிரக் கேக்கட்டும்."

தன் ஹெட்போனில் அதே லைனைக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து மேசைக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"அண்ணன் போன் பண்ணினானாம்மா?"

"எங்கடா பண்றான்! கால் சுளுக்கிக்கிட்டுக் கெடந்தேன், பண்ணல. கூரை ஒழுகுச்சு, அப்பவும் பண்ணல."

"அதெல்லாம் அவனுக்கு எப்படிம்மா தெரியும்?"

"பெத்தவ கஷ்டம் புள்ளைக்குத் தெரியாமயா போயிடும்?"

பக்கத்து மேசைக்காரன் பல்லைக் கடித்தான். "கல்நெஞ்சன்டா அந்தப் பெரியவன். கையில கெடச்சா நாலு சாத்து சாத்தணும்."

"சும்மா இரு, கேக்க விடு," என்றான் காது.

"அதான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன். பெரியவனுக்குப் பொண்ணு பாத்துட்டேன்."

சொல்லிவிட்டு அந்த அம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அவளுக்கு எப்போதும் அந்தப் பழக்கம் உண்டு. ஒரு சேதியைப் போட்டுவிட்டு, சின்னவன் 'ம்' கொட்டிய பிறகும் காத்திருப்பாள்.

"அண்ணனை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"வாயே திறக்காதவன்கிட்ட என்னத்தக் கேக்கறது? பேசாம இருந்தா சம்மதம்னுதானே அர்த்தம்! பொண்ணு ரேடியோவுல வேல பாக்குது. காலைல கண்ணு முழிச்சதுல இருந்து வாய் ஓயாதாம். தூக்கத்துலகூடப் பேசுமாம்."

"ஐயோ, அண்ணன் தொலைஞ்சான்!"

"நல்லா வேணும் அந்தப் பயலுக்கு!" என்று பக்கத்து மேசைக்காரன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். காதுக்கு நெற்றியில் வியர்த்தது.

"வெள்ளிக்கிழமை நிச்சயம். பொண்ணோட அப்பா போலீஸ்காரர். வாக்கு மாறினா ஆளையே தொலைச்சிடுவாராம். இப்ப வாசல்லதான் நிக்கறார். போனை வெச்சதும் போய் சரின்னு சொல்லிடப் போறேன்."

அந்த அம்மா மறுபடியும் நிறுத்தினாள். பிறகு, செவிடனிடம் பேசுவதுபோல் குரலை உயர்த்தினாள்.

"என்ன, சொல்லிடட்டுமா?"

காதின் கை சிவப்பு பட்டனுக்குப் போனது.

"டேய், என்னடா பண்ற? அந்தம்மா ரகசியம் எதுவும் பேசலையே!" என்று பக்கத்து மேசைக்காரன் பதறினான். அவன் எட்டிப் பிடிப்பதற்குள் காது பட்டனை அமுக்கிவிட்டான்.

"அம்மா! சொல்லிடாதம்மா! எனக்கு அந்தப் பொண்ணு வேணாம்!"

பக்கத்து மேசைக்காரன் திறந்த வாயை மூடவில்லை. லைனில் சின்னவன், "அண்ணா?" என்று குழறினான். அந்த அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"பொண்ணும் இல்ல, ஒரு மண்ணும் இல்லடா பெரியவனே... நீ சாப்பிட்டியா?"