தண்ணித் தொட்டியில் பத்து மீன்

"வர்ற ஞாயித்துக்கெழம சங்கத்து ஆளுங்க முப்பது பேர இட்டுனு வரேன் தம்பி. தொட்டில மீன் வுட்டு எப்டி சுத்தமா வெச்சிக்கிறதுன்னு நீதான் எல்லாருக்கும் சொல்லித் தரணும்" என்றார் பால் சங்கத்துச் செயலாளர் சுப்பராயன்.

ஜெபக்குமார் டீ டம்ளரைக் கீழே வைத்தான். அவன் ஏதாவது சொல்வதற்குள் மாமியார் சகாயமேரி முந்திக்கொண்டாள்.

"அதுக்கின்னா, வரட்டும். எங்க மாப்ள சொல்லுவாரு."

சுப்பராயன் தொட்டியை இன்னொரு முறை எட்டிப் பார்த்தார். அடி சிமென்ட் வரை பளிச்சென்று தெரிந்தது. கறுப்பும் ஆரஞ்சுமாகப் பத்து மீன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. நாலு மாடு வாய் வைக்கிற தொட்டி என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். தலையை ஆட்டிக்கொண்டே வண்டியைக் கிளப்பிப் போனார்.

ஜெபக்குமார் தெற்கே நாசரேத் பக்கத்துக்காரன். ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனிக்கு வேலைக்கு வந்து, மணிமங்கலத்து ஜோவிதாவைக் காதலித்தான். அவர்கள் ஆர்.சி. கிறிஸ்தவர்கள், இவன் சி.எஸ்.ஐ. உறவில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வந்தவனுக்கு வீட்டையே கொடுக்கிறாயா என்று சகாயமேரியின் தம்பி ஏசுதாஸ் சண்டைக்கே வந்தான். சகாயமேரி ஒருத்திதான் மகளுக்காகச் சரியென்றாள். மருமகனை வீட்டோடு வைத்துக்கொண்டாள்.

மரியாதைக்குக் குறைவில்லை. சாப்பாட்டில் பெரிய துண்டு அவனுக்குத்தான். ஆனால் மாடு, பால், தோட்டம் என்று எதிலும் அவன் வாயைத் திறந்ததில்லை. நமக்கென்ன தெரியும் என்று ஒதுங்கியே இருந்தான்.

நாலு மாதத்துக்கு முன்னால் கன்றுக்குட்டிக்குக் கழிச்சல் கண்டது. தண்ணீர்த் தொட்டியில் பாசியும் கொசுப்புழுவும் மண்டிக் கிடப்பதைக் காட்டி மாட்டு டாக்டர் சத்தம் போட்டார். மறுநாள் சகாயமேரி முட்டிவலியோடு குனிந்து தொட்டியைத் தேய்ப்பதைப் பார்த்தபோதுதான் ஜெபக்குமார் அந்த வீட்டில் முதன்முதலாக ஒரு யோசனை சொன்னான். கப்பி மீன் கொசுப்புழுவைத் தின்னும், மோலி மீன் பாசியை மேயும், பத்து மீன் விட்டால் போதும், இந்தப் பாடு இல்லை என்றான்.

மாடு குடிக்கிற தண்ணீரில் மீனா என்று ஏசுதாஸ் விழுந்து விழுந்து சிரித்தான். சகாயமேரி சிரிக்கவில்லை. மாப்பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றாள்.

மாடுகள் முதல் நாள் மோந்து பார்த்து மிரண்டன. இரண்டாம் நாள் குடித்தன. அதற்கப்புறம் தொட்டி கண்ணாடிதான். மாதா கோயிலில், ரேஷன் கடையில், ஷேர் ஆட்டோவில் என்று போகிற இடமெல்லாம் சகாயமேரி மாப்பிள்ளையின் மீன் கதையைச் சொன்னாள். ஏசுதாஸே தன் வீட்டுத் தொட்டிக்கு நாலு மீன் கேட்டு வந்தான். தீவனம் மாற்றுவதிலிருந்து கொட்டகைக்கு ஓடு போடுவது வரை இப்போது மாப்பிள்ளையைக் கேட்காமல் எதுவும் நடப்பதில்லை.

அதுதான் ஜெபக்குமாரை உறுத்தியது. சுப்பராயன் போனபின் ஒரு மணி நேரம் தோட்டத்தில் நடந்தான். ஜோவிதா சுங்குவார்சத்திரத்துக் கம்பெனியில் ஷிப்டில் இருந்தாள். அவள் வருமுன் சொல்லிவிட வேண்டும் என்று கொட்டகைக்குப் போனான். சகாயமேரி பால் கறந்துகொண்டிருந்தாள்.

"அத்த, ஒரு விசயம் சொல்லணும். கோவப்படாம கேளுங்க."

"சொல்லுங்க மாப்ள."

"தொட்டில கெடக்கது நாம மொதல்ல விட்ட மீன் இல்ல. வாராவாரம் நாலஞ்சு செத்து மெதக்கும். ஒங்க கண்ணுல படதுக்கு முன்னால எடுத்து வாழைக்கடியில பொதச்சிட்டு, படப்பைக்குப் போயி புதுசு வாங்கியாந்து விட்டுருவேன். நாலு மாசமா இதான் நடக்கு."

சகாயமேரியின் கை நின்றது. "செத்துப் போவுதா? நான் எப்போ பாத்தாலும் பத்து கீதே."

"எண்ணித்தான் விடுவேன். என்ன செஞ்சாலும் பொழைக்க மாட்டேங்கு. ஆனா தொட்டி மட்டும் சுத்தமாத்தான் இருக்கு, அதான் எனக்கும் வெளங்கல. முப்பது பேருக்கு முன்னால நின்னு பொய் சொல்ல என்னால முடியாது அத்த. நீங்க எல்லார்ட்டயும் என்னப் பத்திப் பெருமையா சொல்லிட்டீங்க. ஒங்களுக்குத்தான் தலகுனிவு."

சொல்லி முடித்ததும் நாலு மாதப் பாரம் இறங்கினாற்போல் இருந்தது. இனி இந்த வீட்டில் பழையபடி வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான் என்று நினைத்தான்.

சகாயமேரி செம்பை ஓரமாக வைத்தாள். கோபமில்லை. திருடி மாட்டிக்கொண்ட குழந்தை மாதிரி முந்தானையைத் திருகினாள். அவன் முகத்தைப் பார்க்காமல் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே பேசினாள்.

"மொத வாரமே தொட்டி ஓரத்துல பச்சப்பாசி கட்ட ஆரம்பிச்சிட்ச்சி மாப்ள. ஏசுதாஸ் பாத்தா சிரிப்பான், உங்க பேரு கெட்டுப்பூடும்னு எனக்கு மனசே கேக்கல. அதான் வாராவாரம் நீங்க ஷிப்டுக்குப் போனதும், மீனுங்கள பத்திரமா பக்கெட்டுல எடுத்து வெச்சிட்டு, தொட்டிய கை நெறைய பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேச்சிக் கழுவி, திருப்பி உள்ள வுட்டுனு இருந்தேன்."