ஒருநாள் விட்டு ஒருநாள்

நான்கு விரல் அகலமுள்ள கட்டுத்துணியை என் முதுகில் நானே ஒட்டிக்கொள்ள முடியவில்லை.

வலக்கையைத் தோளுக்கு மேலாகக் கொண்டுபோனால் இரண்டு விரல் குறைகிறது. இடக்கையைக் கீழிருந்து மடக்கி ஏற்றினால் நான்கு விரல். இரண்டுக்கும் எட்டாத நடுவில் எலுமிச்சம்பழம் அளவுக்கு, இனிமேல்தான் எடுக்கவேண்டிய ஒரு கட்டி. இது வெறும் ஒத்திகை.

பீரோக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் பிடித்தேன். ஒரு கண்ணாடி இடம் வலம் மாற்றும். இரண்டாவது அதைத் திரும்ப நேராக்கிவிடும். கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் பதினெட்டு வருடமாக இந்தச் சோதனைக்குக் கண்ணாடிகளை எடுத்துவைக்கிறேன். என் கைக்கு மட்டும் அது புரியவில்லை. மேலே போ என்றால் பக்கத்தில் போனது.

அடுத்து தோசைக்கரண்டி. அதன் முகத்தில் துணியை வைத்து, பிளாஸ்திரியின் பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி ஓரங்களை விட்டு, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் அழுத்தினேன். வேர்த்த தோலைவிட இரும்பில்தான் பசை நன்றாகப் பிடிக்கும். துணி கரண்டியோடு திரும்பி வந்தது.

கட்டி கெட்ட கட்டி இல்லை. வெறும் கொழுப்பு. மெல்லிய பைக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோலை ஒரு கோடு கீறி இரண்டு பக்கமும் அழுத்தினால், கூட்டிலிருந்து நுங்கு வருவதுபோல முழுசாக வழுக்கி வந்துவிடும். சுற்றியிருக்கும் பை மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் மறுபடி வளரும். பஸ் இருக்கையில் சாய முடியவில்லை என்பதற்காகத்தான் எடுக்கிறேன்.

யாரிடம் எடுப்பது என்பதற்கு மூன்று வாரம் அலைந்தேன்.

தோல் டாக்டர் அழுத்திப் பார்த்து, சின்னதாக மேலாக இருந்தால் நானே எடுப்பேன், இது சர்ஜன் வேலை என்றார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கட்டி தசைக்கு மேலேதான் இருந்தது. அப்படியென்றால் முழு மயக்கம் வேண்டாம். அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்து, அரை மணி நேரத்தில் முடித்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதைப் பொது சர்ஜனும் செய்வார், பிளாஸ்டிக் சர்ஜனும் செய்வார்.

கல்லூரி அலுவலகத்தில் இருக்கும் விக்டோரியாவுக்கு இதில் சந்தேகமே இல்லை.

"பிளாஸ்டிக் சர்ஜன்ட்டயே போடி. தழும்பே தெரியாதாம்."

"முதுக யாரு பாக்கப் போறா?"

அவள் டிபன் பாக்ஸை மூடினாள்.

இந்தக் கட்டியை முதலில் கண்டுபிடித்தது என் கணவர் செல்வக்குமார். கழுத்துவலிக்குத் தைலம் தேய்த்துவிடும்போது, இங்கே பட்டாணி மாதிரி ஒன்று உருளுகிறது என்றார். அதற்குப் பிறகு வலி இல்லாத நாளிலும் தைலத்தை எடுத்துக்கொண்டு வருவார். கட்டைவிரலால் உருட்டிப் பார்த்து, வளர்ந்திருக்கிறது, வளரவில்லை என்று சொல்வார்.

மாமனார் இறந்ததும் அவர் தன் சொந்த ஊரான எழுமலைக்குப் போனார். கிணறும் தென்னையும் அங்கே, என் வேலை திருநகரில். நீ வா என்றார் அவர். நீங்க வாங்க என்றேன் நான். கடைசியாகப் பையைத் தூக்கும்போது, "வேணும்னா கூப்பிடு, வாரேன்" என்றார். எனக்கு எதற்கும் யாரும் வேண்டியிருக்காது என்று சொல்லிவிட்டேன்.

பதினான்கு மாதம் ஆகிறது. இடையிடையே போன் வரும். அங்கே மழையா, இங்கே தண்ணீர் வருகிறதா என்று கேட்டுக்கொள்வோம். தண்ணீர் வருகிறது என்று சொன்னதும் பேச்சு முடிந்துவிடும்.

நான் சொன்னதும் உண்மையாகவே ஆகிவிட்டது. குழாய் ஒழுகினால் வாஷர் மாற்றினேன். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் கண்டன்சர் மாற்றினேன். மிக்ஸி, தண்ணீர் மோட்டார், கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் எனக்கே தெரிந்தது. எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் எதையும் சரிசெய்துவிடலாம். சில ஞாயிற்றுக்கிழமைகளில் நன்றாக ஓடுகிற சாமானைக்கூடக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். ஏதாவது ஒன்று என் கையை மீறிப் போகாதா என்று.

எதுவும் போகவில்லை.

இரண்டு சர்ஜனிடமும் வலிக்குமா என்று நான் கேட்கவில்லை. தழும்பு பற்றியும் கேட்கவில்லை. எடுத்த பிறகு கட்டு மாற்ற வேண்டுமா என்று மட்டும் கேட்டேன்.

பிளாஸ்டிக் சர்ஜன், தோலுக்கு அடியிலேயே கரைகிற தையல் போட்டு மேலே பசை தடவிவிடுவேன் என்றார். கட்டு கிடையாது, தையல் பிரிப்பது கிடையாது, குளிக்கலாம், துணைக்கு யாரும் தேவையில்லை. நல்ல முறைதான். நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

பொது சர்ஜன், வெளித்தையல் என்றார். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும், பன்னிரண்டாம் நாள் பிரிக்கலாம். வீட்டில் மாற்றிவிட ஆள் இருக்கிறதா என்று கேட்டார்.

எங்கள் தெரு முனையில் ஒரு நர்ஸ் இருக்கிறார். கூப்பிட்டால் வீட்டுக்கே வந்து மாற்றிவிடுவார். அதை நான் சொல்லவில்லை. ஆள் இருக்கிறது என்றேன். தேதி வாங்கிக்கொண்டேன்.

இப்போது பிளாஸ்திரி ஒட்டிய தோசைக்கரண்டி கட்டில்மேல் கிடக்கிறது. மூன்று விதமாகச் செய்து பார்த்தாயிற்று. மூன்றும் தோற்றன. நாலாவது வழி ஒன்று தோன்றப் பார்த்தது. யோசிப்பதை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தேன்.

அந்தப் பக்கம் கிணற்று மோட்டார் இரைந்தது. பட்டாணியை எடுக்கத் தேதி குறித்தாயிற்று என்றேன். மோட்டார் நின்றது.

"ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாத்தணுமாம். எனக்குக் கை எட்டலைங்க. வாங்க."