மூன்று பூஜ்யங்கள்

பாட்டிலை மேசைமேல் வைத்த பிறகும் டிரைவரின் கை அதன் மூடியை விடவில்லை.

"கொடுங்கண்ணே. நான் என்ன குடிச்சிடவா போறேன்?" என்றாள் கெமிஸ்ட்.

அவர் சிரிக்க முயன்றார். ஆய்வகத்தின் ஜீப்பை ஓட்டுவதும், ஊற்றுகளிலிருந்து சோதனைக்குத் தண்ணீர் எடுத்து வருவதும் அவர் வேலை. இன்றைய பாட்டிலில், அவர் தங்கையின் கணவர் மலையூற்று நீரை அப்படியே அடைத்து விற்கும் குடிநீர் ஆலையின் சீட்டு ஒட்டியிருந்தது. போன முறை இரும்பு அதிகம் என்று ஆகிவிட்டது. இந்த முறையும் அப்படியென்றால் ஆலைக்குப் பூட்டுதான்.

"ஒன்பது மணிக்கே வந்துடுவீங்கன்னு பார்த்தேன்."

"ஜீப் மக்கர் மேடம். பேட்டரி வறண்டு கிடந்துச்சு. அதைக் கவனிச்சிட்டு வர நேரமாயிடுச்சு."

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. தங்கைதான், காலையிலிருந்து ஏழாவது தடவை. எடுக்காமல் உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டார்.

அவள் உப்பளக்கும் மீட்டரின் முனையைக் காய்ச்சி வடித்த நீரில் அலசினாள். பூஜ்யம் காட்டியது. துடைத்துவிட்டு, பாட்டில் தண்ணீரில் முக்கினாள்.

"உப்பு, பூஜ்யம்."

அவர் உட்கார்ந்தார். எழுந்தார். ஜன்னல்வரை போய்த் திரும்பினார்.

"சுண்ணாம்பு, பூஜ்யம்."

"இரும்பு, மேடம்?"

சோதனைக் குழாயில் அந்தத் தண்ணீரோடு ரசாயனத்தை விட்டு ஆட்டி, வெளிச்சத்தில் பிடித்தாள். இரும்பு இருந்தால் சிவக்கும்; கொஞ்சம்கூடச் சிவக்கவில்லை. "அதுவும் பூஜ்யம்."

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது அவருக்கு. "மலைத்தண்ணி மேடம். மனுஷக் கை படாதது. சுத்தத்துக்குக் கேக்கணுமா?" போனை எடுத்துத் தங்கையின் எண்ணைத் தேடினார்.

அவள் எழுதுவதை நிறுத்தினாள்.

"கை படாட்டியும் கல்லு படுமேண்ணே. ஊத்துத்தண்ணி கல்லையும் மண்ணையும் கரைச்சுக்கிட்டுத்தான் வெளிய வரும். மழைத்தண்ணிகூட காத்துல இருக்கிறதைக் கொஞ்சம் வாரிக்கிட்டுத்தான் விழும். பதினோரு வருஷத்துல, எந்த மலையிலேருந்தும் இவ்வளவு சுத்தமா ஒரு சொட்டு இந்த மேசைக்கு வந்ததில்ல."

அவர் விரல் அப்படியே நின்றது. போன் மறுபடி அதிர்ந்தது.

அவள் காய்ச்சி வடித்த நீர் இருந்த குடுவையையும், ஜன்னல் வழியே ஜீப்பையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பாட்டிலை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினாள்.

"பேட்டரிக்கு ஊத்தினது போக மிச்சமாண்ணே, இது?"