பச்சை ஜெர்சி

"முட்டி போனவன வச்சுக்கிட்டு என்னண்ணே செய்றது? எவனாவது கேட்டா மாத்திவிட்டுர வேண்டியதுதான்" என்றார் டோனி.

பட்டாணி உரித்துக்கொண்டிருந்த ஜெனிஷாவின் கை நின்றது.

அவளுடைய அப்பா சவரியப்பன் முறுக்கை ஒடித்து வாயில் போட்டார்.

இருவருக்கும் ஒரே பள்ளியில் வேலை. அப்பா அலுவலகத்தில், டோனி மாமா இயற்பியல் ஆசிரியர். விடிகாலையில் அவரவர் வீட்டில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் இந்த ஹாலில் உட்கார்ந்து சண்டை போடுவது பதினோரு வருட வழக்கம். எந்த அணி யாரைக் கொடுத்து யாரை வாங்கியிருக்க வேண்டும், யார் முதல் ஐந்தில் இறங்க வேண்டும், யார் பெஞ்சில் உட்கார வேண்டும் என்று திருப்பரங்குன்றத்தில் இருந்தபடி தீர்ப்புச் சொல்வார்கள். வீரர்களுக்குப் பெயரும் இவர்களே வைத்திருந்தார்கள். இப்போது இவர்கள் பேச்சில் அடிபடுகிறவன் சுருட்டை.

பேச்சைத் தொடங்கிவைத்தது ஜெனிஷாதான். அவளே கூடைப்பந்து ஆடுகிறவள், அமெரிக்க ஆட்டம் பார்க்க அவளுக்கு நேரமில்லை. காலை ஐந்தரைக்கெல்லாம் மைதானத்தில் இருப்பாள். திங்கட்கிழமை தோழி ஒருத்தி அனுப்பிய வீடியோவில், பச்சை ஜெர்சி போட்ட சுருட்டை முடிக்காரன் ஒருவன் எகிறி இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு சரிந்தான்.

போன வெள்ளிக்கிழமை பயிற்சியில் அவள் விழுந்ததும் அப்படித்தான். முழங்காலுக்குள் டொக்கென்று ஒரு சத்தம். ஒன்றுமில்லை என்று எழுந்து நடந்துவிட்டாள். வீட்டிலும் சொல்லவில்லை. தொளதொளப்பான பேண்ட் போட்டு வீக்கத்தை மறைத்தாள். குளியலறையில் தைலம் தேய்த்துவிட்டு, வாசம் போகச் சோப்புப் போட்டாள்.

வருகிற சனிக்கிழமை சென்னையில் அணிக்கான தேர்வு. எடுத்துக்கொண்டால் அணியில் இடம், கூடவே வேலை. இரண்டு வருட ஓட்டமெல்லாம் இதற்குத்தான். அப்பாவுக்குத் தெரிந்தால் ரயில் ஏற விடமாட்டார். தெரியாமல் போய் ஆடினால் கால் என்னவாகும் என்று கேட்க, அப்பாவைவிட்டால் ஆளில்லை. எந்த வீரனுக்கு எந்த எலும்பு எப்போது உடைந்தது, எத்தனை மாதத்தில் கூடியது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அதனால் சுருட்டையை வைத்துக் கேட்டாள்.

"ஒங்க சுருட்டைக்கு முட்டில அடியாமேப்பா. பச்சை ஜெர்சியோட விழுந்து கெடந்தான், வீடியோல பாத்தேன்."

சவரியப்பன் அவளுடைய தொளதொளப்பான பேண்ட்டைப் பார்த்தார். பிறகு, "ஆமா பாப்பா. பாவம்" என்றார்.

அன்றிலிருந்து தினமும் அதே பேச்சு. ஆட்டத்தைப் போனில் போட்டுக் காட்டிக் காட்டித்தான் டோனி சண்டை போடுவார். இந்த மூன்று நாளாக இரண்டு போனும் டீப்பாயில் கவிழ்ந்து கிடந்தன.

"ஒரு சீசன் பெஞ்ச்ல இருக்கட்டும்டா" என்றார் சவரியப்பன். "அவனைக் காலுக்காக மட்டுமா வச்சிருக்காங்க? யாரு எங்க நிக்கிறான்னு முதுகால பாக்குறவன்டா அவன்."

"உங்களுக்கு அவன் மேல பாசம்ணே. பொண்ணு குடுக்கப் போறவரு மாதிரியே பேசுறீங்க."

"ஒனக்கு யாரு மேலயும் கெடையாது. அதான் ஒங்கிட்ட டியூஷனுக்கு ஒருத்தனும் தங்க மாட்டேங்கிறான்."

ஜெனிஷா பட்டாணித் தோலைக் கிள்ளினாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள்.

"ஏன் மாமா, நாளன்னிக்கு ஒரு முக்கியமான மேட்ச்னு வைங்க. இறுக்கிக் கட்டிட்டு, அந்த ஒண்ணை மட்டும் ஆடிட்டா?"

டோனி சவரியப்பனைப் பார்த்தார். அவர் முறுக்குத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆடலாம். அதோட சரி. அதுதான் அவனுக்குக் கடைசி மேட்ச்" என்றார் டோனி.

ஜெனிஷா பட்டாணிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"ஆடலன்னா?"

"ஆடலன்னா இந்தத் தடவை போகும். அடுத்த தடவைன்னு ஒண்ணு இருக்கும்."

"எல்லாருக்கும் அப்படி இருக்குமா மாமா? ஒங்களுக்கென்ன, உக்காந்து சொல்லிருவீங்க. அவன் எம்புட்டுக் கஷ்டப்பட்டு அதுவரைக்கும் வந்திருப்பான். ஒரு முட்டி போச்சுன்னா அம்புட்டுத்தானா அவன்?"

கடைசி வார்த்தை உடைந்தது. எழுந்து உள்ளே போகப் பார்த்தாள். கால் மடங்க மறுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

சவரியப்பன் தன் போனை நிமிர்த்தினார். எதையோ தேடி எடுத்து அவளிடம் நீட்டினார். திரையில் சுருட்டை மூன்று பேரைத் தாண்டி ஓடினான், எகிறினான், பந்தை வளையத்துக்குள் போட்டுவிட்டு, இரண்டு காலிலும் இறங்கி, சிரித்தான். ஜெர்சி சிவப்பாக இருந்தது.

"இது இன்னிக்குக் காலைல நடந்த மேட்ச், பாப்பா" என்றார். "பச்சை ஜெர்சிக்காரங்க அவனை வேற டீமுக்கு மாத்திவிட்டு மூணு வருசமாச்சு. நீ பாத்த அடி அதுக்கும் முந்துனது. ஆப்பரேசன் பண்ணி, ஒம்போது மாசம் உக்காந்திருந்துட்டுத்தான் திரும்ப வந்தான்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாளைக்கு ஒம்போது மணிக்கு ஸ்கேனுக்குச் சொல்லி வச்சிருக்கேன்" என்றார் சவரியப்பன். "எந்தக் கால்னு கேட்டாங்க. எம்மக வந்து சொல்லுவான்னு சொல்லியிருக்கேன்."