திட்டுவதற்கு ஒரு குரல்

கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த, கண்ணில் மாட்டும் பெரிய கறுப்புக் கண்ணாடியைச் சந்தேகமாகப் பார்த்தார் எரேமியா.

"இதை மாட்டுனா பைத்தியம் புடிக்குமா?"

"இல்லீங்க ஐயா. மனநோயாளி படுற பாடு நர்சிங் படிக்கிற பொண்ணுங்களுக்குப் புரியும். கண்ணுல வார்டு தெரியும், காதுல திட்டுற குரல் கேக்கும்" என்றாள் ஆசிரியை ஹெப்சி. "வெளிநாட்டு மிஷின், இங்கிலீஷ்ல திட்டுது. பொண்ணுங்க சிரிக்கிறாங்க. உங்க குரல் கணீர்னு இருக்கு, நீங்க தமிழ்ல திட்டிக் குடுங்க."

வேலூர் ஆஸ்பத்திரியில், மனநல வார்டு வாசலில் பார்வையாளர் நேரத்துக்காகக் காத்திருந்த எரேமியாவை, ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்த அந்தக் கிழவரை, அவள்தான் அழைத்து வந்திருந்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா."

"நான் படிக்கிறேன், திருப்பிச் சொல்லுங்க. இங்க ஒரு நோயாளிக்கு ராப்பகலா கேக்கிற பேச்சு இது. அவரே சொன்னாரு. இதைக் கேட்டுக் கேட்டு அவர் சோறே தொடறதில்ல."

"எங்க வூட்டு ஆளும் இங்கதான் ரெண்டு வருஷமா கெடக்கிறான். உங்க மாத்திரைக்கு ஒண்ணும் கேக்கல. இந்தப் பொண்ணுங்களாவது நல்லா பாத்துக்கட்டும். படி."

ஹெப்சி மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தாளைப் பிரித்தாள். "துன்றதுக்கு மட்டும் வந்துடு."

"துன்றதுக்கு மட்டும் வந்துடு!" அறை அதிர்ந்தது. அவர் நிறுத்தவில்லை. "ஆட்டுத் தோலுக்காவது வெலை இருக்கு. உன் தோலுக்கு இன்னாடா இருக்கு?"

ஹெப்சி தாளைப் பார்த்தாள். அடுத்த வரி அதேதான்.

"ஐயா, இதை நான் இன்னும் படிக்கவே இல்லையே!"

எரேமியா மைக்கைக் கீழே வைத்தார்.

"இதைச் சொன்னது யாரும்மா?"

"நோயாளி பேரை வெளியில சொல்லக் கூடாதுங்க."

"நீ சொல்ல வேணாம். அந்தப் பேரை வச்சவனே நான்தான்."